தொட்டியில் செண்பகவல்லி

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் செய்தே ஆகவேண்டிய காரியங்கள் என்று எங்கள் பம்பாய்ச் சுனாபட்டியில் சில இருக்கின்றன. டாக்டரிடம் முழங்காலைக் காட்ட வேண்டும். சொசைட்டி கூட்டத்தில் தண்ணீர் டாங்கைப் பற்றிச் சண்டை போட வேண்டும். விடிந்ததும் ஊருக்கெல்லாம் ரோஜாப்பூப் படத்தோடு 'குட் மார்னிங்' அனுப்ப வேண்டும். இத்தனை பொறுப்புகளையும் உதறிவிட்டு நான் ஒரு மோட்டார்சைக்கிள் வாங்கினேன். சும்மா மோட்டார்சைக்கிள் இல்லை. இடது பக்கத்தில் ஆள் உட்காருவதற்குத் தொட்டி வைத்தது. சைடுகார். கிளிப்பச்சை நிறம். துறைமுகத்தில் காலமெல்லாம் கிரேன் ஓட்டி எத்தனையோ கப்பலைக் காலி செய்திருக்கிறேன். அந்தக் கப்பல் எதையும் பார்க்க வராத கூட்டம், இந்த வண்டி எங்கள் சந்துக்குள் நுழைந்தபோது வந்தது.

என் நியாயம் எளிமையானது. இரண்டு சக்கரத்தில் காலை ஊன்றிச் சமாளிக்கும் வயது தாண்டிவிட்டது. நான்கு சக்கரம் வாங்கினால் நிறுத்துவதற்குப் புனே வரை போக வேண்டும். மிச்சம் இருப்பது மூன்று. இந்தக் கணக்கை என் மனைவி செண்பகவல்லி ஒப்புக்கொள்ளவில்லை.

"மூணு சக்கரம் ஓட்டுதவனுக்கு பம்பாயில என்ன பேரு தெரியுமா மாமா? ஆட்டோக்காரன்."

அவள் என் சொந்த அக்கா மகள். பிறந்ததிலிருந்து நான் அவளுக்கு மாமா. தாலி கட்டிய பிறகு வேறு ஏதாவது சொல்லிக் கூப்பிடலாம் என்று நினைத்தாளாம்; அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

"ஏட்டி, ஒனக்காகத்தான் வாங்கியிருக்கேன். மகாராணி மாதிரி உக்காந்து வரலாம்."

"மகாராணி தொட்டியில குளிப்பா. தொட்டியில ஏறி ஊரு சுத்த மாட்டா."

எனவே முதல் சவாரிக்கு மகாராணி கிடைக்கவில்லை. ஜமால் பாய்தான் கிடைத்தார். பாய் கடையநல்லூர்க்காரர். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். இரண்டு மூட்டை அரிசிக்குச் சமமான உடம்பு. தொட்டி காலியாக இருந்தால் இடது பக்கம் திரும்பும்போது அது அந்தரத்தில் தூக்கிக்கொள்ளும், பாரம் வேண்டும் என்று வண்டி விற்றவன் எச்சரித்திருந்தான். பாரம் என்றதும் எனக்குப் பாய் ஞாபகம்தான் வந்தது.

இந்த வண்டியின் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆக்சிலேட்டரைத் திருகினால் இடது பக்கம் போவேன் என்கிறது. பிரேக்கை மிதித்தால் வலது பக்கம் போவேன் என்கிறது. நேராகப் போவதற்கு அதனிடம் தனியாக மனுப் போட வேண்டும். தாராவித் தொண்ணூறடி ரோட்டில் நான் அன்று போன பாதையை யாராவது வரைந்திருந்தால் கோலப்போட்டியில் முதல் பரிசு வாங்கியிருக்கலாம். ஒரு வடாபாவ் வண்டி, இரண்டு ஆடு, கல்யாண ஊர்வலம் ஒன்று, எல்லாரும் எனக்கு வழிவிட்டார்கள். மாப்பிள்ளையின் குதிரைகூட ஒதுங்கிக்கொண்டது. பாய் மட்டும் கண்ணை மூடி ஓதிக்கொண்டே வந்தார்.

பட்டறை வாசலில் இறங்கியவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தொட்டிக்குள் கையை விட்டு ஆழம் பார்த்தார்.

"அண்ணாச்சி, இந்த சீட்டக் கழட்டிட்டா ஒரு லாட் பை அப்படியே அடுக்கலாம்வே."

"அது என் பொஞ்சாதி உக்காருததுக்கு."

"மதினி உக்காருவாகளா?"

"உக்காருவா."

"உக்காரலன்னா சொல்லும். டெம்போக்காரன் படுத்துத பாடு தாங்கல. நான் எடுத்துக்கிடுதேன்."

வெள்ளாட்டுக்குட்டியைக் கசாப்புக்காரர் தடவுவதுபோல என் கிளிப்பச்சையைத் தடவிவிட்டு உள்ளே போனார்.

அடுத்த வினை மாட்டுங்காவில் வந்தது. காய்கறி மார்க்கெட் ஓரமாக வண்டியை நிறுத்தி, எல்லோரும் பார்க்கிறார்களா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கைநிறையப் பூவும் பை நிறைய முருங்கைக்காயுமாக ஒரு மாமி வந்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. தொட்டிக்குள் ஏறி உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்பாடா, மாட்டுங்காவுக்கு ஆட்டோ விட்டுட்டாளா? எத்தனை வருஷமா கேட்டுண்டிருக்கோம். கிங்ஸ் சர்க்கிள் போப்பா."

சயானுக்குத் தெற்கே ஆட்டோ வரக்கூடாது என்பது இந்த நகரத்தின் சட்டம். மூன்று சக்கரத்தைத் தன் தெருவில் கண்ட மாட்டுங்காக்காரி வேறென்ன நினைப்பாள்? நான் மறுத்துப் பேசவில்லை. கொண்டுபோய் விட்டேன். மீட்டர் எங்கே என்று கேட்டாள். முதல் நாள் என்பதால் இலவசம் என்றேன். ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போனாள்.

அங்கிருந்து சுனாபட்டி எவ்வளவு தூரம்? நான் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் செய்தி வந்து, கைகால் கழுவி, காப்பியும் குடித்து முடித்திருந்தது. ஜமால் பாயும் அங்கே டீயோடு உட்கார்ந்திருந்தார். வட்டிக்காரன்கூட இவ்வளவு தவறாமல் வரமாட்டான்.

"எனக்குன்னு வாங்குன தொட்டியில எவளோ முருங்கைக்காயோட உக்காந்து போயிருக்கா," என்றாள் செண்பகவல்லி.

"நீதான் ஏற மாட்டேன்னியே."

"ஏற மாட்டேன்னா சும்மா கெடக்கணும். ஊரை ஏத்தணும்னு சொன்னேனா?" கரண்டியைக் கீழே வைத்தாள். "சரி. ஞாயித்துக்கிழமை உல்லாஸ்நகர்ல அகிலாண்டம் புது வீட்டுக்குப் பால் காய்ச்சுதா. நான் இதுலயே வாரேன். எந்தங்கச்சி வீட்டு வாசல் வரைக்கும் நான் எறங்காம வந்துட்டா, வண்டி உங்களுக்கு. நடு வழியில எறங்கிட்டேன்னு வைங்க, அன்னைக்கே பாய் எடுத்துக்கிடட்டும்."

"மதினி சொன்னா சரிதான்," என்றார் பாய். அவ்வளவு பணிவாக அவர் எதற்கும் தலையாட்டி நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை, அதன்மேல் ஹெல்மெட். மடியில் சீர்த்தட்டு. காலடியில் முறுக்குத் தூக்கு. தொட்டிக்குள் அவளை இறக்கிவைக்கப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் கைகொடுத்தார்கள். கப்பலுக்குள் மெஷின் இறக்குவதுபோல இருந்தது; எனக்குப் பழைய வேலை ஞாபகம் வந்தது. சொன்னால் அங்கேயே இறங்கிவிடுவாள் என்பதால் சொல்லவில்லை.

ஹைவேயில் ஏறியதும் பம்பாய் எங்களுக்குச் சலாம் போட்டது. காரில் போனவர்கள் கண்ணாடியை இறக்கிப் படம் எடுத்தார்கள். செண்பகவல்லி நேராகப் பார்த்துக்கொண்டு வந்தாள், தேர்தலில் தோற்ற வேட்பாளர் மாதிரி. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு வசனம் வந்தது.

"இது ரோடா, இல்ல உரலா?"

"கொஞ்சம் பிடிச்சுக்கோ."

"எதைப் பிடிக்க? சீர்த்தட்டையா, ஹெல்மெட்டையா, உயிரையா?"

செம்பூர் தாண்டியதும் முதல் சிக்னல். நின்றதும், "எறங்கட்டுமா?" என்றாள். எனக்கு மூச்சு நின்றது. பச்சை விழுந்தது, மூச்சு வந்தது. அடுத்த சிக்னலிலும் அதே கேள்வி. தொட்டி விளிம்பில் கையை ஊன்றி, பாதி எழுந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். இவளுடைய அம்மாவும், அதாவது என் அக்காவும், இப்படித்தான் ஜவுளிக்கடைக்காரனை அழவைப்பாள். ஹாண்டில் பாரில் மாட்டியிருந்த போன் வேறு அடித்துக்கொண்டே இருந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணாச்சி, மதினி எறங்கியாச்சா?"

"இல்லவே."

"அவசரம் ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன். சீட்டு நாலு போல்ட்டுல நிக்குதா, ஆறு போல்ட்டா?"

போனை அணைத்தேன்.

காட்கோபருக்கு அப்புறம் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். நான் சந்தோஷப்பட்டேன். அதுதான் தப்பு. தானே தாண்டியதும் ஒரு சந்திப்பு வந்தது. சிமெண்ட் லாரி ஒன்று இடது பக்கத்திலிருந்து ஒடித்துக்கொண்டு தொட்டியை நோக்கி வந்தது. செண்பகவல்லி தொட்டியை மத்தளம்போல அடித்தாள்.

"மாமா, மாமா, ஏ மாமா!"

நான் பிரேக்கை மிதித்தேன். வண்டி தன் வழக்கப்படி வலது பக்கம் துள்ளி நின்றது. லாரி போய்விட்டது. புழுதி அடங்கியபோது தொட்டிக்கு இடது பக்கத்தில், அவள் ஹெல்மெட்டுக்கு ஒரு முழ தூரத்தில், ஒரு வெள்ளைச் சட்டையும் காக்கிக் கால்சட்டையும் நின்றன. போக்குவரத்துப் போலீஸ்காரர்.

"கிஸ்கோ மாமா போலா?" யாரை மாமா என்றாய் என்று கேட்டார்.

பம்பாயில் மாமா என்பது உறவு இல்லை, பட்டப்பெயர். போக்குவரத்துப் போலீஸ்காரரை இந்த நகரம் முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொல்லும். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. அதுவும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தகரத்தைத் தட்டித் தட்டி, மூன்று தடவை.

"ஆப்கோ நஹி போலா சாப்," என்றாள் செண்பகவல்லி. அவரைச் சொல்லவில்லையாம்; என்னைக் காட்டினாள். "இஸ்கோ போலா. யே மேரா மாமா."

அவர் முகம் இளகிவிட்டது. அக்கா மகளை வண்டியில் வைத்து அழைத்துப்போகும் அன்பான தாய்மாமன் என்று என்னை மரியாதையோடு பார்த்தார். போகச் சொல்லிக் கைகூடத் தூக்கினார். அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் இவ்வளவு அழகான வண்டியில் இவ்வளவு அழகான பெண் யார் என்பது தானே வரை தெரிய வேண்டாமா?

"மேரா பீவி ஹை சாப்," என்றேன், என் மனைவி என்று.

தூக்கிய கை இறங்கியது. அவர் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மாமாவா, புருஷனா, இரண்டில் எது பொய் என்று கேட்டார்.

"தோனோ," என்றோம் இருவரும் ஒரே குரலில். இரண்டும்தான்.

அவர் ஊரில் மாமன் மகளைக் கட்டுவார்களாம். மாமனையே கட்டுவதை அவர் கேள்விப்பட்டதில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். சுற்றி நின்ற மோட்டார்சைக்கிள்காரர்கள் என்ஜினை அணைத்துவிட்டுக் கேட்டார்கள். காகிதம் கேட்டார், கொடுத்தேன். தொட்டி உட்பட எல்லாம் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் ஏறியிருந்தது. குறை ஒன்றும் கிடைக்காத மனிதருக்கு வரும் கோபம் பெரியது. தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார். செண்பகவல்லியைப் பார்த்து விரலைக் கீழே காட்டினார்.

"உத்ரோ."

இறங்கு. காலையிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்த அனுமதியை அரசாங்கமே சீருடையில் வந்து கொடுக்கிறது. என் கிளிப்பச்சை தாராவிச் சந்தில் தோல் பை சுமப்பதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன்.

செண்பகவல்லி அசையவில்லை.

"நஹி உத்ரேகா."

"க்யா?"

"க்யூன் உத்ரேகா? காகஸ் ஹை, ஹெல்மெட் ஹை, மாமா ஹை. க்யா நஹி ஹை?"

காகிதம் இருக்கிறது, ஹெல்மெட் இருக்கிறது, மாமா இருக்கிறார், வேறு என்ன குறை என்கிறாள். சீர்த்தட்டை அவர் மூக்கருகே தூக்கிக் காட்டினாள். முறுக்குத் தூக்கைத் திறந்து காட்டினாள். உள்ளே பார்க்க வேண்டியது இவ்வளவுதான், தான் இறங்கினால் தெரியப்போவது வெறும் சீட்டு என்று விளக்கினாள். இந்தி இலக்கணம் அன்று செத்துப்போயிற்று. ஆனால் அர்த்தம் ஒரு சொட்டும் சிந்தவில்லை. பின்னால் யாரோ விசில் அடித்தார்கள். போலீஸ்காரர் சிரிப்பை அடக்க மீசையைத் தடவினார். முடியவில்லை. காகிதத்தை என்னிடம் நீட்டினார்.

"ஜாவ், மாமா," என்றார்.

அப்புறம் உல்லாஸ்நகர் வரை நான் தரையில் ஓட்டவில்லை. மும்ப்ராவும் கல்யாணும் எங்கே வந்தன, எங்கே போயின என்று தெரியாது. என் மனைவி என் வண்டிக்காக அரசாங்கத்தையே எதிர்த்துவிட்டாள். இதற்குத் தனியாக ஒரு விழா எடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

புது வீட்டு வாசலில் நிறுத்தியதும் அகிலாண்டம் ஓடிவந்தாள். "எக்கா, எறங்கு. அடுப்புல பால் வச்சாச்சு." செண்பகவல்லி இறங்கவில்லை. தங்கச்சியிடம் சீர்த்தட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டு உட்கார்ந்தே இருந்தாள்.

"வாசல் வந்தாச்சு செம்பகம். செயிச்சாச்சு. இனி எறங்கலாம்."

"ஒண்ணும் செயிக்கல மாமா. காட்கோபர்லயே கால் ரெண்டும் மரத்துப் போச்சு. எந்திரிக்க முடியல. முடிஞ்சிருந்தா அங்கனயே எறங்கியிருப்பேன்."

"அப்ப அந்தப் போலீஸ்காரன்கிட்ட?"

"கால் வரல, தூக்கி விடுன்னு அவன்கிட்டச் சொல்லவா?"

என் விழா அந்த இடத்திலேயே கலைந்தது. "அது எப்படி? எறங்கலல்லா. பேச்சு அதான."

"கால் வேலை செய்யாத ஆளு எறங்கலன்னா கணக்கா? இது சேராது. திரும்பிப் போகும்போதுதான் கணக்கு." ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "போகும்போது பிவண்டி சுத்திப் போங்க. அந்த மனுசன் மூஞ்சியில முழிக்க முடியாது."

"அது ரொம்பச் சுத்தாச்சே."

"சுத்தட்டும்."

மரத்துப்போன கால்கள் இரண்டையும் ஒரே வீச்சில் வெளியே போட்டாள். என் கை தேவைப்படவில்லை. பால் பொங்கிவிடுமே என்ற அவசரத்தில், லிப்ட் இல்லாத அந்தக் கட்டடத்தின் படிகளில் இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினாள். நான் வண்டியைப் பூட்டிக்கொண்டு, முதல் மாடியிலேயே மூச்சு வாங்கி நின்றேன்.