உள்ளடுக்கு

துகள்கள் மோதிச் சிதறும் இடத்தைச் சுற்றிச் சிலிக்கான் தகடுகளை அடுக்கடுக்காக வைத்திருந்தார்கள். சிதறலின் தடத்தைப் பிடிப்பது அவற்றின் வேலை. பிடிக்கப் பிடிக்கக் கதிர்வீச்சு பட்டு உள்ளுக்குள்ளேயே நொய்ந்துபோகும். எந்தத் தகடு எப்போது கைவிடும் என்று கணினியில் ஓட்டிப் பார்த்துச் சொல்வது அவள் வேலை.

சில வருஷங்களுக்கு முன், மோதலுக்கு மிக அருகே இருக்கிற உள்ளடுக்கு இயந்திரத்தின் அடுத்த ஓட்டத்தைத் தாங்காது என்று கூட்டத்தில் சொன்னாள். அதை வடிவமைத்த பொறியாளருக்கு முகம் சுண்டிப்போயிற்று. அந்தக் கட்டடத்தில் அவளோடு உட்கார்ந்து பேசிச் சிரிக்கிற ஒரே ஆள் அவர்தான். அன்றைக்கு நின்றது பேச்சு. மற்றவர்களும், "வாயைத் திறந்தா நல்ல வார்த்தை வராது" என்று காதுபடவே சொன்னார்கள்.

அவள் வரைபடத்தில் போட்ட கோட்டின் மேலேயே நடந்தது எல்லாம். கசிவு மின்சாரம் ஏறியது, தடங்கள் மங்கின. இயந்திரத்தை நிறுத்தி உள்ளடுக்கை வெளியே எடுத்தார்கள்.

தடித்த கண்ணாடிக்கு அப்பால், நீளமான இடுக்கியால் தகடுகளைக் குளிர்பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் போனபோது பொறியாளர் முன்பே வந்து இந்தப் பக்கம் நின்றிருந்தார்.

"நீங்க சொன்ன மாதிரியே ஆயிடுச்சு," என்றார், திரும்பாமல்.

"என் கணக்கு தப்பாப் போகணும்னுதான் நினைச்சேன்."

"இல்ல. கோடு சரியா வரணும்னுதான் நினைச்சிருப்பீங்க. நானா இருந்தாலும் அப்படித்தான்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பாள். பெட்டியை மூடியதும் அவர் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் வரை மின்னஞ்சலில் பாராட்டுகள் வந்துகொண்டே இருந்தன. ஒருவரும் அவள் அறைப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அக்காவுக்குப் போன் போட்டாள்.

"கணக்கு சரியா வந்துடுச்சுக்கா."

"எது, கெட்டுப்போகும்னு சொன்னியே, அதா?"

"ஆமா. கெட்டுப்போச்சு."

"நல்லதுன்னு சொல்லவா, ஐயோன்னு சொல்லவா?" அக்கா சிரித்தாள். இவள் சேர்ந்து சிரிக்கவில்லை. "என்னடி?"

"ரெண்டு நாள் வந்து இரேன்க்கா."

இத்தனை வருஷத்தில் அவள் அப்படிக் கேட்டதே இல்லை.

"பசங்களுக்குப் பரீட்சை. முடியட்டும், வரேன்."

"சரி."

"வரேன்னு சொன்னா வருவேன்டி."

"தெரியும்க்கா," என்றாள். பிறகு விளக்கைப் போட்டு, இருந்த ஒரே நாற்காலியின் மேல் கிடந்த துணிகளை மடிக்க ஆரம்பித்தாள்.