யார் சொன்னது

"எந்தக் காலை மாட்டணும்னு சொன்னீங்கன்னா மாட்டிடுவேன்" என்றார் சவ அறை ஊழியர்.

நதேஜ் கையில் இரண்டு பைகள் இருந்தன. ஒன்றில் தங்கை பெர்ரின் கடைகண்ணிக்குப் போகும்போது போட்டுக்கொள்ளும் செயற்கைக் கால். இன்னொன்றில் போட்டிக்கான கால், கணுக்காலில் ஸ்பிரிங் வைத்தது, உடம்பெல்லாம் கீறல்.

"பேன்ட்தானே போடுறீங்க? வெளிய தெரியாது. எதுன்னாலும் சரி."

"அவளுக்குத் தெரியும்ல" என்றார் பின்னால் நின்ற அப்பா. காலையிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு அது. நதேஜ் கீறல் விழுந்த காலை எடுத்துக் கொடுத்தாள்.

பதினேழு வயதில் எலும்புப் புற்றுக்கட்டிக்காக பெர்ரினுக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இரண்டே வருடத்தில் பனியில் சறுக்கும் பலகையில் ஏறி நின்றாள். மலையடிவாரத்தில், உச்சிக்குப் போகும் கம்பிவட நாற்காலியில் ஆள் ஏற்றிவிடும் வேலை நதேஜுக்கு. அந்தக் குளிர்காலம் முழுக்கத் தங்கை விழுவதையும், "தூக்க வராத, நானே எந்திரிப்பேன்" என்று கத்துவதையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். இருபத்தைந்தில் பெர்ரின் மாற்றுத்திறனாளிகளின் தேசிய அணியில் இருந்தாள். நான்கு பெண்கள் ஒரே நேரத்தில் கிளம்பி, மேடும் வளைவுமாய் இடித்துக்கொண்டு இறங்கும் ஓட்டத்தில், அவளுக்கு முன்னால் உலகத்தில் இரண்டே பேர்தான்.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்தவள் இருமிக்கொண்டே இருந்தாள். குளியலறைக் குப்பைக்கூடையில் ரத்தம் படிந்த காகிதத்தை நதேஜ் பார்த்துவிட்டாள்.

"ஜனவரில பின்லாந்து போட்டி முடியட்டும். மார்ச்ல உலகப் போட்டி. அதுக்கப்புறம் எந்த டாக்டர்கிட்ட வேணும்னாலும் வரேன். அதுக்குள்ள யார்கிட்டயாவது வாயத் தொறந்தே, உன் மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்."

நதேஜ் சத்தியம் செய்தாள். நான்காம் நாள் அணி மருத்துவருக்குப் போன் செய்தாள். யார் சொன்னதென்று சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். அவரும் கடைசிவரை சொல்லவில்லை. பின்லாந்துக்குக் கிளம்ப மூட்டை கட்டிவிட்டிருந்த பெர்ரினை நிறுத்தி நெஞ்சை ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு நுரையீரலிலும் புற்று பரவியிருந்தது.

அதன்பிறகு அவள் பனியில் இறங்கவே இல்லை.

"லூசில்தான் போட்டுக் கொடுத்திருக்கா. டீம்ல என்கூட ஒரே ரூம்ல படுத்திருந்தா, நான் இருமுனது அவளுக்குத்தான் தெரியும். என் எடத்துல இப்ப அவதானே எறங்குறா!" என்றாள் பெர்ரின்.

நதேஜ் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிறுத்தாமல் நறுக்கினாள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். பிறகு, இந்தச் சுற்று மருந்து முடியட்டும் என்று நினைத்தாள். லூசிலின் பெயர் தெரியும் போதெல்லாம் பெர்ரின் போனைக் கவிழ்த்து வைத்தாள். கொஞ்ச நாளில் அழைப்பு வருவது நின்றது.

கடைசி வாரம் பெர்ரினே கேட்டாள். "லூசில் இந்த வருஷம் எத்தனாவது?"

"ரெண்டாவது."

"மூணாவது வளைவுல அகலமாப் போயிருப்பா. கழுதை. எத்தனை தடவ சொல்லியிருக்கேன்." சிரிப்பு இருமலாகி, அடங்க நேரம் பிடித்தது. நதேஜ் அவளுடைய தலையணையைச் சரி செய்தாள். சொல்லவில்லை.

எல்லாம் முடிந்த அன்று ஆஸ்பத்திரி டாக்டர் ஆறுதலாகத்தான் பேசினார். "மூணு மாசம் முன்னப்பின்ன கண்டுபிடிச்சிருந்தாலும் பெருசா எதுவும் மாறியிருக்காதும்மா. இது அந்த மாதிரி நோய்."

மூன்று மாதம். அதற்குள் பின்லாந்தும் வந்து போயிருக்கும், உலகப் போட்டியும் வந்து போயிருக்கும்.

அடக்கத்தன்று பனி பெய்தது. தேவாலயத்தின் கடைசி பெஞ்சில் லூசில் உட்கார்ந்திருந்தாள். ஏழு மணி நேரம் தனியாகக் கார் ஓட்டி வந்திருந்தாள். பிறகு பக்கத்துக் கூடத்தில் காப்பியும் பன்றித்தொடைக் கறியும் ஒயினும் பரிமாறினார்கள். லூசில் கோட்டு மாட்டும் கம்பியருகே, தன் செயற்கைக் காலுக்கு ஓய்வு கொடுத்துச் சுவரில் சாய்ந்து நின்றாள். நதேஜ் ஒரு கோப்பைக் காப்பியை அவளிடம் கொண்டுபோனாள்.

"நாலு வருஷம் ஒரே ரூம்" என்றாள் லூசில். "ஒரு நாள்லேருந்து போன எடுக்கல. நான் என்ன செஞ்சேன்னே தெரியல. உனக்குத் தெரியுமா?"

மருந்து மயக்கம், யாரோடும் பேசும் நிலையில் இல்லை. இந்தச் சாக்கைத்தான் நதேஜ் காலையில் அணிப் பயிற்சியாளரிடம் சொல்லியிருந்தாள். மறுபடி அதையே சொல்ல வாயெடுத்தாள், வந்தது வேறு.

"டாக்டர்கிட்ட நீதான் சொன்னேன்னு நெனச்சா" என்றாள்.

"நானா?" லூசிலின் குரல் உயர்ந்து இறங்கியது. "நான் சொல்லவே இல்லையே. என்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டா. சொல்லாம விட்டுட்டமே, இன்னும் முன்னாடியே சொல்லியிருந்தா பொழச்சிருப்பாளோன்னு... ஒரு வருஷமா நான் சரியாத் தூங்கல நதேஜ்."

"தெரியும், நீ சொல்லல. சொன்னது நான்."

கூடத்தில் யாரோ கண்ணாடிக் கோப்பைகளை அடுக்கினார்கள்.

"அவகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"கடைசி வரைக்குமா?"

"கடைசி வரைக்கும்."

"நதேஜ்!" என்று அப்பா மறுமுனையிலிருந்து கூப்பிட்டார். "சீஸ் வெட்டுற கம்பிய எங்க வெச்ச?"

அவள் போய், மேசை விரிப்புக்கு அடியில் கிடந்ததை எடுத்துக் கொடுத்தாள். திரும்பி வந்தபோது கோட்டுக் கம்பியருகே யாரும் இல்லை. காப்பிக் கோப்பை ஜன்னல் விளிம்பில் நிறைந்தபடியே இருந்தது.

வெளியே லூசிலின் காருக்கு உயிர் வந்தது. துடைப்பான்கள் பனியை ஒதுக்கின. ஸ்டியரிங்கில் இரண்டு கைகள் தெரிந்தன. மறுபடி பனி விழுந்து மூடியது. மறுபடி துடைத்தது. வண்டி அங்கேயே நின்றது.

அப்பா வந்து நதேஜ் பக்கத்தில் நின்று ஜன்னல் வழியே பார்த்தார்.

"யாரது? கிளம்பலயா இன்னும்?"

"கிளம்பல" என்றாள் நதேஜ்.