மீட்டருக்கு அந்தப் பக்கம்

வாடிக்கையாளர்களிடம் நான் ரொம்பக் கறாரான ஆள். மீட்டருக்கு இந்தப் பக்கம், அதாவது வீட்டுக்குள் ஓடுகிற ஒயர், சுவிட்சு, விளக்கு எதுவானாலும் என் வேலை. மீட்டருக்கு அந்தப் பக்கம், கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருகிற கேபிள், மின்வாரியம் முத்திரை வைத்த ஃபியூஸ், மீட்டர், இவற்றைத் தொடவேண்டுமானால் தனி அங்கீகார அட்டை வைத்திருக்கிற எலக்ட்ரீஷியன் வரவேண்டும். நீங்களே பார்த்து முடித்துக் கொடுத்துவிடுங்களேன் என்று யாராவது இழுத்தால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். அந்தப் பக்கம் இருப்பது நம் இஷ்டத்துக்கு அணைக்கிற கரண்ட் இல்லை, உயிர் போனால் யார் பதில் சொல்வது என்று பத்து நிமிடம் பாடம் எடுத்துவிட்டுத்தான் பையைத் தூக்குவேன். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு வீட்டில்கூட அந்த முத்திரையில் கை வைத்ததில்லை. கை வைத்தது என் சொந்தத் தங்கை வீட்டில்.

எங்கள் குடும்பத்தில் எனக்குப் பெயரே கரண்டு. யார் வீட்டில் ஃபேன் முனகினாலும் கரண்டைக் கூப்பிடு என்பார்கள். கூப்பிட்டதும் போய் நிற்பேன். தங்கைக்கு நான் சொல்வதுதான் வேதவாக்கு. பழைய அயர்ன் பாக்ஸை வைத்துக்கொள்வதா, தூக்கிப்போடுவதா என்பதுகூட என் வாயால் வரவேண்டும். அது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை இப்போது எழுதும்போதே காது சுடுகிறது.

பதினொரு வருடத்துக்கு முன்னால் அந்த அங்கீகாரத் தேர்வுக்கு நானும் போனேன். செய்முறையில் தேறினேன், எழுத்துத் தேர்வில் கோட்டை விட்டேன். கேள்வியைப் படித்து அது என்ன கேட்கிறது என்று புரிவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு என் பாதி வயதுதான் இருக்கும். மறுபடி போய் அங்கே உட்கார மானம் இடம் கொடுக்கவில்லை. என்ன ஆயிற்று என்று வீட்டில் கேட்டார்கள். எழுதியாச்சு என்றேன். எழுதியது உண்மைதானே. அதற்கு மேல் யாரும் தோண்டவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். புது வாட்டர் ஹீட்டர், கரண்ட் அடுப்பு என்று வாங்கி அடுக்கியிருந்தார்கள். இத்தனைக்கும் இப்போது இருக்கிற மெயின் கேபிள் தாங்காது, தடிமனாக மாற்றவேண்டும், அதற்கு அங்கீகாரம் பெற்ற ஆள்தான் வரவேண்டுமாம் என்று மாப்பிள்ளை சொன்னார். தட்டைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். நான் வாயில் இருந்ததை விழுங்கக்கூட இல்லை.

“அதுக்கு எதுக்கு மாப்பிள்ளை வெளியாளு? நான் எதுக்கு இருக்கேன்?”

உனக்கு எதுக்கு அண்ணா சிரமம் என்று தங்கை இரண்டு தடவை சொன்னாள். மாப்பிள்ளை ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். இவ்வளவு மரியாதை வைத்திருக்கிறார்களே என்று எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அடுத்த சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவினேன்.

சனிக்கிழமை மாப்பிள்ளை ஏணியைப் பிடித்துக்கொள்ள, முத்திரையை அறுத்தேன். ஃபியூஸைப் பிடுங்கினேன். பழைய கேபிளை உருவிவிட்டு மீட்டர் பெட்டிக்குப் புதுசை இழுத்தேன். புது நியூட்ரல் ஒயர், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற ஒயர், தடிமன், மீட்டரின் வாயில் முழுசாக நுழையமாட்டேன் என்று அடம்பிடித்தது. முறைப்படி அதன் நுனியில் முனைக்குழாய் என்கிற சின்ன உலோக உறையை மாட்டி, கருவியால் அழுத்தவேண்டும். அந்தக் கருவி என்னிடம் இல்லை, மீட்டருக்கு இந்தப் பக்கம் அதற்கு வேலையே கிடையாது. நாலு இழையை மடக்கி, மீதியைத் திணித்து, ஸ்க்ரூவை முறுக்கினேன். இழுத்துப் பார்த்தேன், நின்றது. உள்ளேயிருந்து கரண்ட் வந்துடுச்சா அண்ணா என்று தங்கை கேட்டுக்கொண்டே இருந்தாள், சாப்பாடும் ஆறிக்கொண்டிருந்தது.

அறுத்த முத்திரையை ஒட்டுப்பசை வைத்து ஒட்டினேன். கை நடுங்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, இழை மேல் இழை பொருந்தும்படி ஒட்டினேன். அன்றைக்கு நான் கவனமாகச் செய்த ஒரே வேலை அதுதான்.

மூன்றாம் நாள் தங்கை ஃபோன் செய்தாள். குளியலறைக் குழாயைத் தொட்டால் விரலில் சுர்ரென்று ஏறுகிறது, ஹீட்டர் போட்டால் விளக்கு மங்குகிறது என்றாள்.  குழாயில் சுர்ரென்றால், விளக்கும் மங்கினால், அது நியூட்ரல் விட்டுப்போவதன் அடையாளம். திரும்பிப் போகவேண்டிய வழி அடைத்துக்கொள்ளும்போது கரண்ட் குழாய் வழியாக மண்ணுக்குப் போகப் பார்க்கும். இது முதல் வருடப் பாடம். அதைச் சொன்னால், எங்கே விட்டுப்போயிற்று என்று அடுத்த கேள்வி வரும்.

“டிரிப் சுவிட்ச் போட்டிருக்கேன்ல. ஷாக் அடிச்சா அது விழுந்திருக்கும். உனக்குப் பிரமை, ஈரக்கையோட தொடாத” என்றேன்.

டிரிப் சுவிட்ச் தனக்குப் பின்னால் வீட்டுக்குள் நடப்பதைத்தான் பார்க்கும். மீட்டர் பெட்டியில் நான் செய்துவைத்த கோளாறு அதன் கண்ணிலேயே படாது. அது எனக்குத் தெரியும். வாரக் கடைசியில் சத்தமில்லாமல் போய் முறுக்கிவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் ஃபோனை வைத்தாள்.

வியாழக்கிழமை காலை குளியலறையில் துணி அலசியவள் குழாயைப் பிடித்தாள். தூக்கி அடித்ததில் பின்னால் போய்ச் சுவரில் மோதி, மணிக்கட்டு விரிசல் விட்டது. பிடித்த கை ஒட்டிக்கொள்ளாமல் உதறிவிட்டதால் பிழைத்தாள் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்தவள் என்னைப் பார்த்ததும், ஈரக்கையோடு தொடாதே என்று நீ சொல்லியிருந்தாய், நான்தான் மறந்துவிட்டேன் என்றாள். அந்த இடத்திலேயே நாக்கைப் பிடுங்கிக்கொண்டிருக்கலாம். பரவாயில்லை விடு என்றேன். மன்னிக்கிறவன் மாதிரி.

மாப்பிள்ளை மின்வாரியத்துக்குச் சொல்லியிருந்தார். அவர்கள் வந்து கம்பத்திலேயே இணைப்பைக் கழற்றிவிட்டு, பெட்டியில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டுப் போனார்கள். அங்கீகாரம் பெற்றவர் வந்து சரிசெய்து கையெழுத்துப் போட்டால்தான் மறுபடி கரண்ட். சனிக்கிழமை காலை அங்கீகார அட்டையோடு ஒரு பெண் வேனில் வந்து இறங்கினாள். முப்பது முப்பத்தைந்து வயது, முழங்கை வரைக்கும் ரப்பர் கையுறை. லைன்காரம்மா என்று மாப்பிள்ளை அறிமுகம் செய்தார். நான் போய் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். சும்மா நிற்க முடியவில்லை.

அவள் பெட்டியைத் திறந்ததும் முதலில் முத்திரையைத்தான் பார்த்தாள். கையுறையைக் கழற்றி நகத்தால் ஒரு சுண்டு சுண்டினாள். கழன்று கீழே விழுந்தது. பிறகு மூடியைத் திறந்து நியூட்ரலை வெளியே இழுத்தாள். இழுக்கக்கூடத் தேவையிருக்கவில்லை. முனை முழுக்கக் கருகிப்போயிருந்தது.

“யார் செஞ்சது இது?”

 வீட்டுக்குள் வேலை செய்ய இருக்கிற லைசென்ஸும் போய்விடும், இருபத்திரண்டு வருடம் போய்விடும் என்று மட்டும்தான் தலைக்குள் ஓடியது. மாப்பிள்ளை என்னைப் பார்க்கவே இல்லை. ஒரு அடி முன்னால் வந்தார்.

“நான்தாங்க. வீடியோ பாத்துச் செஞ்சேன்.”

அவள் ஏணியிலிருந்து இறங்கி வந்து அவரை வாங்கு வாங்கென்று வாங்கினாள். மாப்பிள்ளை ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர். ஐந்நூறு பிள்ளைகள் எழுந்து நிற்கிற மனிதர், வாசலில் கைகட்டி நின்று, சரிங்க, தப்புதாங்க என்று கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தார். லைன்காரம்மா என் பக்கம் திரும்பினாள். என் சட்டைப் பையில் டெஸ்டர் செருகியிருந்தது.

“நீங்க எலக்ட்ரீஷியன்தானே? சொந்தக்காரர்னு வேற சொல்றாங்க. இதைப் பாக்க மாட்டீங்களா?”

“நான் இல்லாதப்ப செஞ்சிட்டாரு” என்றேன்.

வாய் கூசவில்லை. சொன்ன பிறகுதான் கூசியது. மாப்பிள்ளை தலையைக்கூட நிமிர்த்தவில்லை, ஆமாம் என்பது போல ஆட்டினார். வாசற்படியில் தங்கை கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவள் கேட்டுவிட்டாள் என்பது அவள் உள்ளே போன வேகத்தில் தெரிந்தது.

லைன்காரம்மா படிவத்தை எடுத்து மாப்பிள்ளை பெயரை எழுதிக்கொண்டே, இதற்குத்தானா போன மாதம் பதிவு செய்துவிட்டு, போன வாரம் வெள்ளிக்கிழமை ராத்திரி ஃபோன் போட்டு வரவேண்டாம் என்றீர்கள், அன்றைக்கே விட்டிருந்தால் நான் முடித்திருப்பேனே என்றாள். எனக்குப் புரியவில்லை. ஏணியை விட்டுவிட்டு உள்ளே போனேன்.

தங்கை சமையலறையில் ஒற்றைக் கையால் தம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். முன்னாடியே ஆள் சொல்லி வைத்திருந்தீர்களா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். நான் கேட்காமலே மீதியையும் சொன்னாள். திரும்பாமலே சொன்னாள்.

“அங்கீகாரம் இருக்கிறவங்க லிஸ்ட் வாரியத்துல போட்டிருக்காங்க. மொதல்ல உன் பேரத்தான் தேடினோம் அண்ணா. ரெண்டு பேரும் மாத்தி மாத்தித் தேடினோம். இல்ல. அப்புறம்தான் இவங்களுக்குச் சொன்னோம். நீ அன்னிக்கு நானே செய்யறேன்னு உக்காந்துட்ட. எல்லார் முன்னாடியும் உன் மொகம் சுண்டிப் போயிடக் கூடாதுன்னு அவர்தான் கேன்சல் பண்ணாரு.”

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டதே வெட்கக்கேடு.

“உனக்குத் தெரியாத வேலையா, ஒரு காகிதம்தானே இல்லைன்னு நெனச்சோம்” என்றாள்.

அட்டை இல்லாதவன் என்று தெரிந்தேதான் ஒரு மாதமாக என்னைக் கரண்டு என்று கூப்பிட்டிருக்கிறார்கள். தெரிந்தேதான் எனக்கு ஏணி பிடித்திருக்கிறார்கள், சாப்பாடு சூடாக்கி வைத்திருக்கிறார்கள். குழாய் சுர்ரென்றபோது அவள் என்னிடம் ஃபோனில் கேட்டதும் இதெல்லாம் தெரிந்துதான். அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. எனக்கு உட்காரவேண்டும் போல இருந்தது, அந்தச் சமையலறையில் உட்கார எனக்கு என்ன உரிமை என்றும் இருந்தது.

வெளியே போனேன். மாப்பிள்ளை படிவத்தில் கையெழுத்துப் போடக் குனிந்திருந்தார். பேனாவைப் பிடித்தேன்.

“மேடம், இவர் இல்லை. நான்தான் செஞ்சேன். முத்திரையை ஒட்டினதும் நான்தான். குழாய் சுர்ருங்குதுன்னு தங்கச்சி சொன்னப்ப, ஒண்ணுமில்லைன்னு சொன்னதும் நான்தான்.”

விடுங்க மச்சான் என்று மாப்பிள்ளை மெல்லச் சொன்னார். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது, அதை மறைக்கத் தரையைப் பார்த்தேன். லைன்காரம்மா படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். என்னையும் வாங்குவாள் என்று காத்திருந்தேன். வாங்கினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

“தெரியாம செஞ்சவரைத் திட்டலாம். தெரிஞ்சு செஞ்ச உங்ககிட்ட என்ன பேசறது. லைசென்ஸ் நம்பர் சொல்லுங்க.”

சொன்னேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற எண், பாதியில் தடுமாறி மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அவள் மாப்பிள்ளை பெயரை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் என் பெயரை எழுதினாள். இதை அனுப்பாமல் இருக்க முடியாது, விசாரணைக்குக் கூப்பிடுவார்கள், ஆறு மாதமாவது நிறுத்திவைப்பார்கள் என்றாள். தலையாட்டினேன். பிறகு அவள் ஏணியில் ஏறி, கருகிய முனையை வெட்டி எறிந்து, முனைக்குழாய் மாட்டி ஒரே அழுத்தாக அழுத்தினாள். இரண்டு நிமிட வேலை.

மதியத்துக்குள் கம்பத்தில் இணைப்பைக் கொடுத்தாள், புது முத்திரை வைத்தாள். விளக்கு எரிந்தது. கடைசியாகக் குளியலறைக்கு வந்து, அளவுக் கருவியின் ஒரு முனையைக் குழாயில் வைத்து, இன்னொன்றை என்னிடம் நீட்டி வடிகால் மூடியில் வைக்கச் சொன்னாள். குந்தி உட்கார்ந்து வைத்தேன். ஹீட்டரைப் போடச் சொன்னாள், அடுப்பைப் போடச் சொன்னாள். கருவியில் பூஜ்யம் அசையவே இல்லை.

தங்கை கதவருகில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு நாளாக அந்த அறைக்குள் கால் வைக்காதவள்.

“ஒண்ணுமில்லம்மா, தொடலாம். தொட்டுப் பாரு” என்றேன்.

நல்ல கையைக் குழாய் வரைக்கும் கொண்டுபோனாள். ஒரு சாண் இருக்கும்போது நிறுத்தினாள். என் தலைக்கு மேலாக லைன்காரம்மாவைப் பார்த்தாள்.

“தொடலாமாங்க?”

லைன்காரம்மா கருவியை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, தொடலாம் என்றாள். அதற்குப் பிறகுதான் தங்கை குழாயைத் திறந்தாள்.