வராத பெயர்

மான்செஸ்டர் டிவி ஸ்டுடியோவில், முந்நூறு பேர் முன்னால், நடிகை மியூரியல் தன் பிரசித்தமான வேடிக்கையைத் தொடங்கினாள். தொடரில் புருஷனாக வருகிறவனைப் பத்தொன்பது வருஷமாகத் தப்புத் தப்பான பெயரில் கூப்பிடுகிறாள். கடைசியில் சரியான பெயர் வரும்.

இன்று அது வரவில்லை. கில்பர்ட், ஹொரஸ், நெவில் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினாள். கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. அவளுக்கோ உண்மையிலேயே பெயர் மறந்துபோயிருந்தது.

முடிந்ததும், காமிராவுக்குக் கீழே வசன அட்டை பிடிக்கும் தோழி வின்னியை ஓரமாக இழுத்துப் போனாள்.

"யாருக்கும் தெரிய வேணாம்டி. அடுத்த வாரம் அவன் பேரை அட்டையில எழுதிப் பிடி."

வின்னி கையிலிருந்த அட்டையைத் திருப்பினாள். 'ஆர்தர்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"இன்னைக்கும் பிடிச்சேன், நீதான் பாக்கல. போன வாரமும் இதையேதான் கேட்ட, கண்ணு. அதுக்கு முந்தின வாரமும்."