தீர்ப்பு டெலனிக்கு மட்டும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை சுட்டது. பேக்கர்ஸ்ஃபீல்டில் நான் வேலை செய்யும் டோனட் கடையில், என் பக்கத்தில் நின்று மாவு பிசையும் பெண்ணுடைய கதை. பெயரை மட்டும் மாற்றிவிட்டேன். டெலனி, வயது பதினாறு. அம்மா கோலீனோடு வாழும் ரே குடித்தால் கை ஓங்குவான். அது பொறுக்காமல் டெலனி தனியாக அறை எடுத்துக்கொண்டாள். ஆறு வயதுத் தங்கை ஜூனி அங்கேயே மாட்டிக்கொண்டாள்.

முதல் வரி: 'நீதிமன்றப் படிகளில் டெலனி நிமிர்ந்து...' வேண்டாம். எல்லாக் கதையிலும் எல்லோரும் நிமிர்ந்துதான் ஏறுகிறார்கள்.

2

"பதினெட்டு ஆகலைன்னாலும் சட்டப்படி நான் பெரியவள்தான்னு நீதிபதி மட்டும் சொல்லட்டும், மறுநாளே ஜூனியக் கூட்டிட்டு வந்துடுவேன்."

"அப்படிச் சட்டம் இருக்காடி?" என்று கேட்டேன்.

"அதுக்கப்புறம் என் பேர்லயே வீடு எடுக்கலாம், ஆஸ்பத்திரியில நானே கையெழுத்துப் போடலாம். தங்கச்சிக்கு மட்டும் என்னவாம்?"

(இங்கே விவரம் தெரிந்த ஒரு வக்கீலை நுழைத்திருக்கலாம். அவளுக்கு அந்த வசதி இல்லை. கதைக்காக இலவசமாக ஒருவரை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.)

3

கோலீனைக் கொடுமைக்காரியாக எழுதத்தான் உட்கார்ந்தேன். எங்கே முடிந்தது? தலையைப் படிய வாரிக்கொண்டு கோர்ட்டுக்கு வந்தாள். ஆட்சேபம் உண்டா என்று நீதிபதி கேட்டதும், "இல்லைங்க. என்னைவிட அவளுக்குப் பொறுப்பு ஜாஸ்தி" என்றாள். பாவி, இப்படிப் பேசுகிறவளை எப்படி வெறுப்பது?

நீதிபதி டெலனியின் மனுவை ஏற்று, விளக்கினார். "இனி உன் சம்பளம் உன்னோடது. வாடகை கட்டலைன்னா வழக்கும் உன் மேலதான். அம்மா உனக்குச் சாப்பாடு போடணும்னு கட்டாயம் இல்லை. ஓட்டுப் போட முடியாது. ஸ்கூலுக்குப் போயே ஆகணும்."

"ஜூனி?"

"யாரும்மா அது?"

"என் தங்கச்சி. கூட்டிட்டுப் போகலாம்ல?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இல்லம்மா. இந்த உத்தரவு உனக்கு மட்டும்தான். அவளை நீ போய்ப் பார்க்கிறதுக்கே அம்மா சம்மதிக்கணும். ஆபத்துன்னா குழந்தைகள் நலத் துறைகிட்ட சொல்லு."

"எத்தனையோ தடவை சொல்லிட்டேன் சார். வராங்க, பாக்கறாங்க, போறாங்க."

4

முடிவு ஒன்று: கோலீனே ரேயைத் துரத்துகிறாள். (எழுதிப் படித்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

இன்னொன்று: தங்கையைத் தூக்கிக்கொண்டு டெலனி மாநில எல்லையைத் தாண்டி... (அது கடத்தல். போலீஸ் வரும். அதற்குமேல் பேனா ஓடவில்லை.)

நடந்ததைச் சொல்கிறேன். அன்று மாலை டெலனியை அவள் அம்மா வீட்டுக்குக் காரில் கூட்டிப்போனேன். ஜூனி முதுகில் பையோடு, ஷூவைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். உள்ளே ரே டிவி பார்க்கும் சத்தம்.

"ஜெயிச்சுட்டியா டெல்?"

"ஜெயிச்சுட்டேன் கண்ணு."

"அப்போ போலாமா?"

டெலனி மண்டியிட்டு ஷூவைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். நாடாவைக் கட்டினாள். பிறகு வாய் திறந்தாள்.

அவள் சொன்னது என் காதில் விழுந்தது. ஐயோ, அதை என்னால் எழுத முடியாது. இந்தப் பக்கத்தில் ஜூனி இன்னும் பையோடு காத்திருக்கிறாள். நீங்களே சொல்லிவிடுங்கள் அவளிடம்.