பச்சை வரட்டும்

...கொஞ்சமாவது பச்சை வரட்டும், சோதனைக் குழாயை மூடிக் குலுக்கக் குலுக்க மணிக்கட்டு விண்விண்ணென்று தெறிக்கிறது, நேற்று என் வீட்டுக்காரர் முறுக்கிய அதே கை, இடது கையால் குலுக்கினால் மூடி நழுவி மருந்து மேலெல்லாம் கொட்டும், கொட்டட்டுமே, அலமாரிக் கதவில் என் தலையை மோதினாரே, அதைவிடவா எரிந்துவிடப் போகிறது... மீன்கடைக்காரர் தெளிவாகத்தான் சொன்னார், புதுத் தொட்டியில் மீன் கழிவு சேர்ந்து அமோனியா ஏறும், தண்ணீர் பளிச்சென்றுதான் இருக்கும், மருந்துச் சொட்டு விட்டால் தெரிந்துவிடும், பச்சை என்றால் விஷம், மஞ்சளாகவே இருந்தால் சுத்தம், "விஷம் ஏறுச்சுன்னா சாதுவான மீன்கூட வெறி புடிச்ச மாதிரி கடிக்கும்மா." அது போதும் எனக்கு. அதோ, அந்தப் பெரியது மறுபடியும் பாய்கிறது, சின்னதைக் கண்ணாடியோடு சேர்த்து இடிக்கிறது, வால் ஏற்கெனவே கந்தல், ஒரு கண் இருந்த இடத்தில் வெள்ளையாய்க் குழி, இன்னும் என்னதான் வேண்டும் உனக்கு, மோட்டார் இடுக்கில் போய் ஒளிந்தாலும் விடமாட்டாயா, கையை விட்டு உன்னைப் பிடித்துத் தரையில் ஓங்கி அடித்து, செருப்புக் காலால் தேய்த்து... சே, என்ன நினைப்பு இது, தண்ணீர் கெட்டால் அது என்ன செய்யும் பாவம்.

இவரைப் பற்றியும் அக்காவிடம் இப்படித்தானே சொன்னேன். "அந்த வீடுதான்க்கா காரணம், மாமனார் எந்நேரமும் கரிச்சுக் கொட்டுறாரு, அந்தக் கோவத்துலதான் இவரு கை நீட்டிடுறாரு, தனியாப் போயிட்டா சரியாயிடும்." தனியாக வந்தாயிற்று, நல்ல வெளிச்சம், காற்று, கரித்துக் கொட்ட ஆளில்லை, இவரே ஆசைப்பட்டு மீன்தொட்டி வாங்கி வந்தார், என் தோளில் கைபோட்டு நின்று வேடிக்கை பார்த்தார், அந்தக் கைதானே நேற்றும், சோறு ஆறிப்போச்சாம், அதற்கா, அதற்காகவா என் வாயெல்லாம் ரத்தம் உப்புக் கரித்தது? காலையில் அக்கா போனில் கத்தினாள், "சாயந்தரம் வண்டியோட வர்றேன், பெட்டியக் கட்டி வை. இப்ப எந்த வீட்டக் குறை சொல்லப் போற?" போனை வைத்துவிட்டு இந்தச் சோதனைக் குழாயைத் தேடி எடுத்தேன். பெட்டி இன்னும் பரண்மேல்தான் கிடக்கிறது, தண்ணீரில் விஷம் இருந்தால், காரணம் என்று ஒன்று இருந்தால், அக்காவைத் திருப்பி அனுப்பிவிடலாம்... என்ன கணக்கு இது, மீனுக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம், பைத்தியம்தான் எனக்கு.

குழாயை வண்ண அட்டையோடு ஒட்டி வைத்துப் பார்க்கிறேன். மஞ்சள். ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்க்கிறேன், மஞ்சள்தான், துளிப் பச்சை இல்லை. அப்படியென்றால் தண்ணீர்மேல் குற்றமில்லை, அது கடிப்பதெல்லாம்...

"என்னம்மா, தண்ணி எப்படி இருக்கு?" குளித்துவிட்டுத் துண்டோடு இவர், நேற்றைய குரலே இல்லை.

"தண்ணிதான் சரியில்லங்க," என்கிறது என் வாய்.

"நெனச்சேன். பாவம், மீனு என்ன பண்ணும்," என்று நிம்மதியாகத் தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே போகிறார்.

குழாய் என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, அதை எப்போது மறைத்தேன், யார் சொல்லி மறைத்தேன்...