எழுபது பவுண்டு என்று சொல்லப்பட்ட வில்

லோர்னா வெசெலியின் வில் கடையில் பேரம் டாலரில் நடப்பதில்லை, பவுண்டில்தான் நடக்கும். விலை சீட்டில் இருக்கிறது. அதை யாரும் தொடுவதில்லை. ஆனால் நாணை இழுக்க எத்தனை பவுண்டு பலம் வேண்டும் என்ற எண்ணில், வடக்கு விஸ்கான்சினில் ஆண்பிள்ளையாகப் பிறந்த ஒருத்தனும் உண்மை பேசி அவள் கேட்டதில்லை. ஐம்பது இழுக்கிறவன் அறுபது என்பான். பெண்டாட்டி பக்கத்தில் இருந்தால் அறுபத்தைந்து. மச்சினன் பக்கத்தில் இருந்தால் எழுபதுக்குக் கீழே இறங்கவே மாட்டான். மானுக்கு வில் எடுக்கச் சட்டம் கேட்பது வெறும் முப்பது. அந்த முப்பதை இந்த ஊரில் யாரும் வாயால் சொல்லி லோர்னா கேட்டதில்லை.

எல்ராய் ஹால்வர்சன் நாற்பது வருஷமாக எழுபது. பால் டாங்கர் லாரி ஓட்டுகிற ஆள், வயது அறுபத்திரண்டு. போன டிசம்பரில் ஏரி உறைந்ததும் மீன் பிடிக்கப் பனிக்கட்டியில் ஓட்டை போடப் போனான். துளைக்கருவி சிக்கிக்கொண்டு, கருவி சுற்றுவதற்குப் பதிலாக எல்ராய் சுற்றிவிட்டான். வலது தோளில் சதை கிழிந்து, ஜனவரியில் ஆபரேஷன். இப்போது செப்டம்பர். சனிக்கிழமை வில்லால் மான் வேட்டையாடும் சீசன் தொடங்குகிறது. டாக்டர் வில் இழுக்கலாம் என்று சொல்லிவிட்டார், ஐம்பத்தைந்து பவுண்டு வரை. அதற்கு மேல் போய் இன்னொரு முறை கிழிந்தால் தைக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை, வில்லை மறந்துவிட வேண்டியதுதான் என்றும் சொல்லிவிட்டார். இதில் முதல் பாதி மட்டும் எல்ராய் காதில் விழுந்தது. இரண்டாம் பாதி அவன் பெண்டாட்டி மார்லிஸ் காதில் விழுந்தது.

செவ்வாய்க்கிழமை மார்லிஸ் கடைக்கு வந்தாள், கையில் ஒரு ஆப்பிள் கேக்கோடு. கேக்கை மேஜையில் வைத்த விதத்திலேயே இது சும்மா வந்த கேக் இல்லை என்று லோர்னாவுக்குத் தெரிந்துவிட்டது. வியாழக்கிழமை எல்ராய் புது வில் சோதித்துப் பார்க்க வருவான், எழுபது கேட்பான், ஐம்பதில் வைத்துக் கொடுத்துவிட்டு எழுபது என்று சொல்லிவிடு என்பதுதான் கோரிக்கை. பொய் சொல்லச் சொல்கிறீர்களே என்றாள் லோர்னா. முப்பத்தாறு வருஷமாக அவனுடைய பழைய சட்டையெல்லாம் இன்னும் பொருந்துகிறது என்று தான் சொல்லிவருவதாகவும், அதற்கெல்லாம் யாரும் கோவித்துக்கொண்டதில்லை என்றும் மார்லிஸ் சொன்னாள்.

லோர்னா கேக்கை ஒரு துண்டு வெட்டிக்கொண்டு, போல்ட் திருகுகிற ஆலன் கீயை எடுத்தாள். இரண்டு நுனியிலும் கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லின் இரண்டு கைகளையும் நடுக்கட்டையோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள் அவள் கையில் வெண்ணெய் மாதிரி. ஒரு முழுச் சுற்று தளர்த்தினால் மூன்று பவுண்டு குறையும். ஆறு சுற்று தளர்த்தினாள். அம்பையும் அதற்கேற்ற மெலிந்த ஜாதியாக எடுத்து வைத்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் எல்ராய் வந்தான். பின்னால் மார்லிஸ். அவளுக்கும் பின்னால், யாரும் கூப்பிடாமல், அவள் அண்ணன் வெண்டல். ஏரிக்கரையில் படகு விற்கிற வெண்டலுக்கு வயது அறுபத்தைந்து. இழுவை எழுபது, அவன் வாய்ப்படி. இரண்டு பேருக்கும் பொதுவாக நாற்பது ஏக்கர் காடு இருக்கிறது, அதில் ஆளுக்கொரு பரண். ஆபரேஷன் ஆனதிலிருந்து எல்ராய் இனிமேல் பரண் ஏறப்போவதில்லை என்று வெண்டல் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தான். தரையில் ஒரு கூடாரம் போட்டு, மடக்கு நாற்காலி வைத்து, மடியில் ஒரு குறுக்குவில்லும் கால்மேல் ஒரு கம்பளியும் போட்டுத் தருவதாகவும் பெருந்தன்மையாக அறிவித்திருந்தான். குறுக்குவில்லுக்கு இழுவையே கிடையாது, கைப்பிடியைச் சுற்றினால் போதும். இந்தக் குடும்பத்தில் அது வயதானவர்களுக்குக் கொடுக்கும் சத்துமாவுக் கஞ்சி மாதிரி.

லோர்னா வில்லை நீட்டினாள். எத்தனை என்று கேட்டான் எல்ராய். எழுபது என்றாள் லோர்னா, ரசீதுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே.

கடையின் பின்பக்கம் இருபது கஜத்துக்கு ஒரு நீளமான கூடம். கடைசியில் புள்ளி போட்ட நுரைக்கட்டை. எல்ராய் அம்பைத் தொடுத்தான், நாணைப் பிடித்து விடுகிற மணிக்கட்டு விசையை மாட்டினான், ஒரு பெரிய மூச்சு இழுத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். நாண் ஒரே வீச்சில் கன்னத்துக்கு வந்துவிட்டது. கனமான பெட்டி என்று நினைத்துத் தூக்கினால் காலிப்பெட்டி கையோடு வந்துவிடுமே, அந்த முழி முழித்தான். மாட்டிக்கொண்டோம் என்று லோர்னா நினைத்தாள். நாற்பது வருஷமாக இழுக்கிறவன், கண்டுபிடிக்காமல் இருப்பானா?

கண்டுபிடிக்கவில்லை. கெட்ட செய்தி வந்தால் நாலு பேரிடம் விசாரிக்கிற மனிதன், நல்ல செய்தி வந்தால் கதவைச் சாத்திக்கொள்கிறான். எல்ராய் முகம் மெதுவாக மலர்ந்தது. முதல் அம்பு புள்ளிக்கு அரை அங்குலம் மேலே போய் உட்கார்ந்தது. தோள் புதிதாக முளைத்த மாதிரி இருக்கிறது என்று சொன்னான். புது மாடல் கப்பி அப்படி என்று லோர்னா சொன்னாள். மார்லிஸ் கம்பளிக் காலுறைகள் தொங்குகிற பக்கம் திரும்பி நின்றுகொண்டு, ஒரே ஜோடியை மூன்றாம் தடவையாகப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

இரண்டாவது அம்பு நடுப்புள்ளியில். மூன்றாவது அதற்கு ஒட்டினாற்போல். நான்காவதை விட்டபோது நுரையில் பாய்கிற தொப்பென்ற சத்தம் வரவில்லை. கண்ணாடி விரிகிற மாதிரி சட்டென்று ஒரு சத்தம் வந்தது. நான்காவது அம்பு இரண்டாவது அம்பின் வாலைப் பிளந்து, உள்ளே பாதிவரை சொருகிக்கொண்டு, இரண்டும் ஒரே நீள அம்பாக நின்றது.

அம்புக்குள் அம்பு. எல்ராய் வாழ்க்கையில் முதல் தடவை. லோர்னாவுக்கு உடனே சந்தோஷம் வந்தது, அதன் பின்னாலேயே பயமும் வந்தது. ஏனென்றால் கடையில் அதற்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது. அம்புக்குள் அம்பு விட்டவனின் அம்புகளைச் சுவரில் மாட்டி, கீழே ஒரு அட்டை வைப்பார்கள். பெயர், தேதி, தூரம், பவுண்டு. முன்பு ஒரு புண்ணியவான் தன் அட்டையில் எண்பது என்று எழுதிக்கொண்டதிலிருந்து, பவுண்டை மட்டும் யார் வாய்ச்சொல்லையும் கேட்டு எழுதுவதில்லை. எல்லார் முன்னாலும் வில்லைத் தொங்கு தராசில் மாட்டி இழுத்துப் பார்த்துத்தான் எழுதுவது. அந்தப் புண்ணியவான் வெண்டல்.

லோர்னா பேனாவை எடுத்து, எழுபதுதானே, தராசெல்லாம் எதற்கு, நேரமாகிவிட்டது என்று இழுத்தாள்.

"எனக்கு மட்டும் தராசு, என் மச்சானுக்கு நேரமாயிடுச்சா?" என்றான் வெண்டல். "மாட்டும்மா."

"மாட்டு லோர்னா," என்றான் எல்ராய் சிரித்துக்கொண்டே. "எழுபத்திரண்டு காட்டினாலும் ஆச்சரியமில்ல."

வேறு வழியில்லை. லோர்னா நாணைக் கொக்கியில் மாட்டி, வில்லைக் கீழ்நோக்கி இழுத்தாள். உச்சிக்கு வந்து கப்பி உருண்டதும் பாரம் இறங்கியது. அதற்குள் தராசு உச்ச எண்ணைப் பிடித்து வைத்துக்கொண்டது. ஐம்பத்தொன்று.

வெண்டல் மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி ஒருதரம் படித்தான். ஏற்றிவிட்டு ஒருதரம் படித்தான். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். தராசு கெட்டுப்போயிருக்கும் என்று லோர்னா சொல்லிப் பார்த்தாள். எல்ராய் அவளைப் பார்க்கவில்லை. காலுறைப் பக்கம் பார்த்தான். முப்பத்தாறு வருஷம் சேர்ந்து வாழ்ந்தவனுக்குப் பெண்டாட்டியின் முதுகைப் படிக்கத் தெரியாதா என்ன.

"அப்போ தோள் சரியாகலை," என்றான்.

அதைக் கேட்டதும் வெண்டல்கூடச் சிரிப்பை நிறுத்திவிட்டான். மார்லிஸ் திரும்பி வந்து, டாக்டர் சொன்னதன் இரண்டாம் பாதியை அங்கேயே, எல்லார் முன்னாலும், ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். எல்ராய் கேட்டுக்கொண்டே மேஜைமேல் கிடந்த ஆலன் கீயை எடுத்தான், வில்லைத் தராசிலிருந்து கழற்றினான், மேல் போல்ட்டில் கீயைச் சொருகினான். எழுபதுக்கு முறுக்கி ஒருதரம் இழுத்துப் பார்த்துவிடுகிறேன், கிழிந்தால் கிழியட்டும், இந்த ஆளோட சிரிப்புக்குக் கீழே ஒரு சீசன் உட்கார்ந்திருக்க முடியாது என்றான்.

மார்லிஸ் கை அவன் சட்டையைப் பிடித்தது. பிடித்து நிறுத்துகிற பலம் அதில் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். லோர்னா கல்லாவுக்கு அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வந்தாள். அன்பாகச் சொன்னால் இந்த ஆள் கேட்கமாட்டான், வியாபாரமாகச் சொன்னால் கேட்பான் என்று தோன்றியது.

"கீயை வைங்க எல்ராய். நீங்க இன்னும் காசு குடுக்கல. காசு குடுக்காத வில்லு என் வில்லு. என் வில்லை நான் சொல்ற பவுண்டுக்குத்தான் முறுக்கணும்."

"பொய் சொன்னவ நீ."

"ஆமா. தப்புதான், இனிமே சொல்ல மாட்டேன். இப்போ நிஜம் பேசுவோம். எவ்வளவு வேணும்?"

"எழுபது."

"ஐம்பத்தொண்ணு."

"அறுபத்தஞ்சு. அதுக்குக் கீழ வராது."

அந்தத் தொனியிலேயே லோர்னாவுக்கு மூச்சு வந்தது. ஒரு எண்ணை விட்டு இறங்கியவன் இன்னொரு எண்ணையும் விட்டு இறங்குவான். அடம் பிடிக்கிறவன்தான் ஆபத்து, பேரம் பேசுகிறவன் பத்திரம். அறுபதுக்கு வந்தான். மார்லிஸ் குறுக்கே புகுந்து நாற்பத்தைந்து என்றாள், அவள் பங்குக்கு. அந்த எண்ணை யாரும் மதிக்கவில்லை, ஆனால் பேரத்துக்கு அது ரொம்ப உதவியாக இருந்தது. ஐம்பத்தெட்டில் வந்து எல்ராய் நின்றுகொண்டான், காலை ஊன்றிக்கொண்டு.

லோர்னா கல்லாவுக்குப் பின்னாலிருந்து உயரமான ஸ்டூலை இழுத்துப் போட்டாள். பரணில் யாரும் நின்றுகொண்டு, முதுகை வளைத்து, பல்லைக் கடித்து இழுப்பதில்லை. குளிரில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து விறைத்துப்போன உடம்போடு, கொம்பு மான் பதினைந்து கஜத்தில் நிமிர்ந்து பார்க்கும்போது, உட்கார்ந்தபடியே, மெதுவாக இழுக்கவேண்டும். அம்பு வானத்தைப் பார்த்தால் மான் அடுத்த மாவட்டத்துக்குப் போய்விடும். அதனால் ஸ்டூலில் உட்காருங்கள், இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்குங்கள், அம்பு மட்டமாக இருக்க மெதுவாக இழுங்கள். எத்தனையில் முடிகிறதோ அதுதான் உங்கள் பவுண்டு, டாக்டர் சொன்ன எல்லைக்குள். இதுதான் அவள் சொன்ன கடைசி விலை.

ஐம்பத்தொன்றில் எல்ராய் உட்கார்ந்து காலைத் தூக்கி இழுத்தான். வெண்ணெய். ஒரு சுற்று முறுக்கினாள், ஐம்பத்துநாலு. அம்பு நுனி அசையவில்லை. இன்னும் கால் சுற்று, ஐம்பத்தைந்துக்கு ஒரு முடி கம்மி. பாதியில் வாய் ஒரு பக்கம் கோணியது, ஆனால் அம்பு மட்டமாகவே நின்றது, நாண் கன்னத்துக்கு வந்தது. அவனே மெதுவாகத் திரும்ப இறக்கினான்.

"போதும்," என்றான். "இது என்னோடது." பிறகு ஸ்டூலிலிருந்து இறங்கி, அதை வெண்டல் பக்கம் காலால் தள்ளினான். "உக்காருங்க மச்சான். எழுபதுக்காரரு நீங்க. வண்டில வில்லு இருக்குமே."

வெண்டல் இடுப்பு சரியில்லை என்றான், மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை என்றான். மார்லிஸ் ஏற்கெனவே போய் அவன் வண்டியிலிருந்து வில்லை எடுத்து வந்துவிட்டாள். வெண்டல் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தான், காலைத் தூக்கினான், இழுத்தான். நாண் நாலு அங்குலம் வந்து நின்றுவிட்டது. அம்பு மெல்லத் தலை தூக்கி, சுவரைப் பார்த்து, குழல்விளக்கைப் பார்த்தது. ஸ்டூல் ஒரு பக்கம் சாய்ந்தது. லோர்னா அவன் முழங்கையைப் பிடித்து, விசையில் விரல் படாமல் பத்திரமாக இறக்கவைத்தாள். எல்ராய் சிரிக்கவில்லை. கூடாரத்தில் இரண்டு நாற்காலிக்கு இடம் இருக்குமா என்று மட்டும் கேட்டான்.

அட்டையில் ஐம்பத்தொன்று என்றே எழுதச் சொன்னான் எல்ராய், விட்டது அதில்தானே என்று. பெரிய எழுத்தில் எழுதச் சொன்னான். காசு கொடுத்தான். மார்லிஸ் கடைசியில் அந்தக் காலுறையையும் வாங்கிக்கொண்டாள். போகிற வழியில் அவன் அவளிடம் பேசுவானா மாட்டானா என்று லோர்னா கண்ணாடி வழியாகப் பார்த்தாள். வண்டிக் கதவை அவன் அவளுக்காகத் திறந்துவிட்டான். பிறகு தன் சட்டையின் வயிற்றுப் பொத்தானைக் காட்டி என்னவோ கேட்டான். அவள் வெகுநேரம் சிரித்தாள்.

வண்டி கிளம்பும்வரை வெண்டல் கடைக்குள்ளேயே அம்புநுனிகளைப் பார்ப்பதுபோல் சுற்றிக்கொண்டிருந்தான். வண்டிச் சத்தம் தேய்ந்ததும், தன் வில்லைக் கல்லாமேல் படுக்கவைத்தான். நாண் ஏதோ கீச்சிடுகிற மாதிரி இருக்கிறது, கொஞ்சம் பார்த்து வை, அப்படியே போல்ட்டையும் ஒரு அஞ்சாறு சுற்று பார்த்து வை என்றான், வாசலைப் பார்த்துக்கொண்டே.

லோர்னா ஆலன் கீயைத் துடைத்தாள். "பாத்து வைக்கிறேன். ஆனா எத்தனை பவுண்டுன்னு நீங்க கேட்டா, நிஜத்தைத்தான் சொல்வேன்."

"அதனால என்ன," என்றான் வெண்டல். "நான் கேக்கவே மாட்டேன்."